காரணம் சொல்லாமல் கூப்பிட்ட படகு

நம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வாக்காளர் பட்டியலை எப்படிப் படிப்பது, எந்தப் படிவம் எதற்கு, மனு கொடுத்தால் யாரிடம் ரசீது வாங்குவது என்பதையெல்லாம் உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். அதில் நான் தலையிட மாட்டேன். எனக்கு அறுபத்து நான்கு வயது. முட்டி இரண்டும் போய்விட்டது, வீடு வீடாகப் படியேற முடியவில்லை. அதனால் என்னை ஓய்வு பெற்றவள் என்கிறார்கள். வாய் இன்னும் ஓய்வு பெறவில்லை. நான் சரியாகச் செய்த காரியங்களை உட்கார்ந்து அடுக்கினால் எனக்குச் சுகமாக இருக்கும், உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இருக்காது. ஆகவே ஒரு தப்பைச் சொல்கிறேன்.

நான் கடற்கரைக்காரி இல்லை. சாத்தான்குளத்துக்கு மேற்கே பனங்காட்டு ஊர், அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. இருபத்தைந்து வயதில் கடற்கரைக்கு வேலைக்கு வந்தவள், அங்கேயே தங்கிவிட்டேன். பெண்கள் சங்கம், ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் என்று எதற்கெல்லாமோ அலைந்து, கடைசியில் வாக்காளர் பட்டியலில் வந்து நின்றேன். மற்ற எதற்கும் மனு போடப் போனால் முதலில் ‘பட்டியலில் பேர் இருக்கா?’ என்றுதான் பார்க்கிறார்கள். பேர் இல்லாதவன் சொல்வதைக் கேட்க எந்த நாற்காலியும் தயாராக இல்லை. இத்தனை வருஷம் ஆன பிறகு, கடற்கரையைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

தருவைகுளத்துக்கு வடக்கே ஒரு ஊர். பேர் வேண்டாம். ஆண்கள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கல் படகில் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்துக் கிளம்பினால் அந்த வாரக் கடைசியில்தான் கரை. அந்த ஊரில் இரண்டு தெருவில் மட்டும் நாற்பத்தொரு ஆண்களின் பேரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி மனு போயிருந்தது. எல்லா மனுவிலும் ஒரே காரணம்: ‘மேற்படி நபர் இந்த முகவரியில் குடியிருப்பதில்லை.’ எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து, மெயின் ரோட்டில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியுடையது. அவர் யாருக்காகப் போட்டார், அந்த இரண்டு தெரு ஓட்டு யாருடைய கண்ணை உறுத்தியது என்பது ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எழுத்தில் நிரூபிக்க முடியாததை நான் எழுத்தில் வைப்பதில்லை. நீங்களும் வைக்காதீர்கள்.

விசாரணை நோட்டீசைப் பூட்டிக்கிடந்த கதவுகளில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஆண்கள் கடலில், பெண்கள் மீன் கூடையோடு பஸ்ஸில். விஷயம் என் காதுக்கு வந்தபோது புதன்கிழமை மத்தியானம். விசாரணை வியாழன் காலை பதினொரு மணிக்கு. வியாழக்கிழமை அந்த ஊரில் ஆண் என்று பார்த்தால் பங்குச் சாமியாரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். விசாரணை நாளைத் தேர்ந்தெடுத்தவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

எனக்கு ரத்தம் கொதித்தது. எப்படியாவது நாலு ஆளையாவது கொண்டுபோய் அதிகாரி முன்னால் நிறுத்திவிட வேண்டும், ‘இந்தா பார், இருக்கிறான்’ என்று காட்டிவிட வேண்டும் என்று ஒரே எண்ணம். கரையில் படகுக்காரர்கள் வயர்லெஸ் செட் வைத்திருக்கும் அறைக்குப் போனேன். செட்டைப் பார்த்துக்கொள்கிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். காத்திருந்திருக்கலாம். காத்திருக்கவில்லை. அவர் பட்டனை அமுக்கிப் பேசுவதை இருபது தடவை பார்த்திருக்கிறேன், இது என்ன பெரிய வித்தை என்று நானே அமுக்கினேன். அந்த இரண்டு தெரு ஆண்கள் போன ஐந்து படகில் நான்கு எட்டாத தூரத்தில் இருந்தன. ஒன்று மட்டும், நடுவில் நின்ற இன்னொரு படகு என் பேச்சை வாங்கிச் சொல்லிக் கிடைத்தது. நாற்பத்தொரு பேரில் ஒன்பது பேர் அதில் இருந்தார்கள்.

“உடனே கரைக்கு வாங்க, காலைக்குள்ள வந்து சேரணும்” என்றேன்.

“என்ன விஷயம்?” என்று கேட்டார்கள்.

அந்தச் சேனலை ஊரே கேட்கும். மனு போட்டவர்களுடைய ஆட்களும் கேட்பார்கள். தெரிந்தால் வேறு ஏதாவது செய்வார்கள் என்று பயந்தேன். “இங்கன வந்து பேசிக்கிடலாம். முதல்ல வாங்க” என்று சொல்லிவிட்டு மைக்கை வைத்தேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறி, பட்டியல் நகல் எடுக்க டவுனுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் படகு வந்தது. வாடகை வேனை ரோட்டில் நிறுத்திவிட்டு, கையில் ஃபைலோடு கரையில் நான் நிற்கிறேன். படகு அணைவதற்கு முன்னாலேயே ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் குதித்தார். பேர் ராயப்பன், நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னை ஏறிட்டும் பார்க்காமல் மணலில் விழுந்து எழுந்து வீட்டைப் பார்த்து ஓடினார். மற்ற எட்டுப் பேரும் அவர் பின்னால். எனக்கு ஒன்றும் புரியாமல் நானும் பின்னாலேயே போனேன்.

ராயப்பனின் அம்மா படுத்த படுக்கை, மூன்று வருஷமாக. அந்த அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வாசலில் ஈரத்தோடு நின்ற மகனைப் பார்த்து, “என்னலே, வியாழக்கெழமையே வந்துட்ட? மீனு படலியா?” என்றார்.

ராயப்பன் அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய ஆள், தேம்பித் தேம்பி அழுதார். அவர் மனைவி ஜெசிந்தா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். “என்ன ஆச்சு உமக்கு? எதுக்கு அழுதீரு?” என்று அவரை உலுக்கினாள். வாசலில் நின்ற ஒரு தம்பி, “வயர்லெஸ்ல கூப்பிட்டாவ மைனி. காரணம் சொல்லல” என்றார். ஜெசிந்தாவின் கை நெஞ்சுக்குப் போனது.

“யாரு கூப்பிட்டா?” என்றாள்.

நான்தான் என்றேன். விசாரணைக்கு என்றேன். ஓட்டுப் பட்டியல் என்றேன். ஒவ்வொரு வார்த்தையாக வெளியே வந்ததே தவிர, சேர்ந்து ஒரு வாக்கியமாக வரவில்லை.

“ஐயோ அக்கா,” என்றாள் ஜெசிந்தா. “காரணம் சொல்லாம படகக் கூப்பிட்டா எங்கூர்ல எழவுன்னுதான அர்த்தம். நடுக்கடல்ல சொன்னா ஆளு விழுந்துருவான்னு யாருன்னு சொல்ல மாட்டாவ. ‘வாங்க’ன்னு மட்டுந்தான் சொல்லுவாவ. இத்தன வருசமா எங்க வீட்டுச் சோத்தத் தின்னுருக்கிய, எங்கள்ல ஒருத்திகிட்ட கேட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா?”

கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருக்க வேண்டும். பிறகு விசாரித்ததில் தெரிந்தது, என் பேச்சு முடிந்த பிறகு படகிலிருந்து மறுபடி ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் டீ குடித்துவிட்டு வந்த செட்டுக்காரர், “எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். எழவு என்றால் அவர் அப்படித்தான் சொல்வார். அதற்குப் பிறகு யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை, அதுவும் அங்கே வழக்கம். பாதி விரித்த வலையை இழுத்துப் படகில் போட்டுக்கொண்டு பதினாறு மணி நேரம் வந்திருக்கிறார்கள். ஒன்பது பேரும் அவரவர் வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராக மனசுக்குள் எண்ணிக்கொண்டு. கரை நெருங்கி டவர் கிடைத்தபோது ஒன்பது பேர் கையிலும் போன் இருந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போடவில்லை.

அந்த வாசலில் நின்றபோது மணி எட்டரை. பதினொன்றுக்கு விசாரணை. இந்த நிலைமையில் இவர்களைப் பார்த்து ‘வாருங்கள், ஆபீசுக்குப் போகலாம்’ என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? கேட்காமல் போனால் நாற்பத்தொருவர் பேரும் பட்டியலிலிருந்து போய்விடும். நமக்கு வருகிற இக்கட்டெல்லாம் இப்படித்தான், மன்னிப்புக் கேட்டு அழ நேரம் கொடுக்காது. நான் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம், யாரும் வராவிட்டாலும் நான் தனியாகப் போய் நிற்பேன் என்றேன்.

ராயப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அம்மாவின் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மிச்சம் இருந்த காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். என்னைப் பார்க்காமல், “வேன் எங்க நிக்கி?” என்றார்.

ஒன்பது பேரும் அதே கைலியோடு, உடம்பில் உப்புப் பூத்த மேனிக்கு வேனில் ஏறினார்கள். ஆபீஸ் வராந்தாவில் அண்ணாச்சி வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. யாரும் வர மாட்டார்கள் என்று நம்பி வந்தவர். என்னை அவருக்குத் தெரியும், எங்கள் பக்கத்து ஊர்தான். “ஏளா, நீ நம்ம ஊருப் புள்ளல்லா? இவிய கூட சேந்துகிட்டு எனக்கு எதிரா நிக்கலாமா?” என்று மெதுவாகக் கேட்டார். “நம்ம ஊர்ல உங்க பேர எடுக்கப் பாத்தா, உங்களுக்காகவும் வந்து நிப்பேன் அண்ணாச்சி” என்றேன்.

விசாரித்த அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று நினைக்கிற மனிதர். அது சில நேரம் கெட்ட மனிதரைவிடத் தொந்தரவு. முதலில் ராயப்பனைக் கூப்பிட்டார்.

“மாசத்துல எத்தனை நாள் ஊர்ல இருப்பீங்க?”

“அஞ்சு நாளு. மிஞ்சிப்போனா ஆறு.”

கூட்டிச் சொல்லுங்கள் என்று வேனிலேயே சொல்லி வைத்திருப்பேன், வேறு நாளாக இருந்தால். அன்று அவரிடம் எதுவும் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

“மீதி நாள்?”

“கடல்ல.”

“பாத்தியளா சார், அவரே சொல்லுதாரு” என்றார் அண்ணாச்சி.

அதிகாரி பேனாவை எடுத்தார். ராயப்பன் மேசைக்கு இன்னும் ஒரு அடி கிட்டே போனார். குரலை உயர்த்தவில்லை.

“சார், நேத்து நாலு மணிக்கு வயர்லெஸ்ல கூப்பிட்டாவ. வீட்டுல எழவுன்னு நெனச்சோம். யாரு வீட்டுலன்னு ஒன்பது பேருக்கும் தெரியாது. ஆனா எந்த ஊருக்குத் திரும்பணும்னு ஒருத்தனும் கேக்கல. டிரைவரு படகத் திருப்புனாரு, வந்துட்டோம். இந்தா, மேல ஒட்டுன உப்ப இன்னும் கழுவல. அஞ்சு நாளு இருக்கேனா அம்பது நாளு இருக்கேனான்னு நீங்க எண்ணிக்கிடுங்க. நான் செத்தா அங்கனதான் கொண்டுபோயி அடக்கம் பண்ணுவாவ. எங்க ஊரு எதுன்னு எங்ககிட்ட கேக்காதிய.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ராயப்பனின் கைலியில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்பைப் பார்த்தார். பிறகு ஒன்பது பேரையும் அடையாளம் பார்த்து, “இவங்க பேர் இருக்கட்டும். வராத முப்பத்திரண்டு பேர் விஷயத்துல நான் என்ன செய்ய முடியும்? ஆஜராகலைன்னு எழுதிடறேன்” என்றார்.

இங்கேதான் எனக்குப் புத்தி வந்தது. இரண்டு நாளாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ‘இவன் இந்த ஊரில் இருக்கிறானா?’ என்று எதிராளி ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டான். நானும் விழுந்தடித்துக்கொண்டு பதில் தேடி ஓடினேன், ஒன்பது பேரைச் சித்திரவதை செய்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நாங்கள் இல்லை. பேரை எடு என்று கேட்டவன்தான் நிரூபிக்க வேண்டும். வேலைக்காகக் கொஞ்ச நாள் வெளியே போவதால் ஒருவன் அந்த ஊர்க்காரன் இல்லை என்று ஆகிவிடாது, அது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. உங்களுக்கு முன்னால் வந்தவர்களுக்கெல்லாம் இதை வகுப்பெடுத்தவள் நான்தான். கோபம் தலைக்கேறினால் படித்ததெல்லாம் பறந்துவிடும் என்பதற்கு நானே சாட்சி.

எழுந்து நின்றேன். “சார், அவங்க வராதது இருக்கட்டும். மனுப் போட்டவரு வந்திருக்காரு. அவரு நிரூபிக்கட்டும். ஒவ்வொரு பேரா வாசிங்க. அந்த ஆள் யாரு, எங்க இருக்காரு, எப்படித் தெரியும்னு அண்ணாச்சி சொல்லட்டும். அவரு சொல்றத அப்படியே எழுதுங்க” என்றேன்.

“முப்பத்திரண்டு பேரையுமாம்மா?” என்றார் அதிகாரி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

“நாற்பத்தொரு பேர எடுக்க நேரம் இருந்தா, முப்பத்திரண்டு பேரக் கேக்கவும் நேரம் இருக்கும் சார்.”

அவர் வாசித்தார். முதல் பேர். அண்ணாச்சி, “அவரு… வெளியூர்ல இருக்காரு” என்றார். எந்த வெளியூர் என்று கேட்டேன். “அது தெரியாது.” ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? “இல்ல.” எழுதுங்கள் சார் என்றேன். இரண்டாம் பேர், தெரியாது. எழுதுங்கள் சார். மூன்றாம் பேர், தெரியாது. பின்னால் ஒன்பது பேரும் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் சின்னவர் ஒருவர் முஷ்டியை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ராயப்பன் அவர் தோளைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். பத்தாவது பேருக்குள் அண்ணாச்சிக்கு வேர்த்து ஊற்றியது. “எனக்கு ஒருத்தரயும் தெரியாது சார். கொண்டாந்து நீட்டுனாவ, கையெழுத்துப் போட்டேன். என்னய விட்டுருங்க” என்றார்.

விடவில்லை. முப்பத்திரண்டு பேரையும் வாசிக்க வைத்தேன். முப்பத்திரண்டு ‘தெரியாது’ காகிதத்தில் ஏறியது. இரக்கமில்லாதவள் என்று நினைக்கலாம், நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு மனிதன் இருக்கிறான். அவன் பேரை மொத்தமாக எடுக்கப் பார்த்தார்கள் என்பதற்காக நாமும் மொத்தமாகக் காப்பாற்றினால், அடுத்த தடவை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். நாற்பத்தொரு மனுவும் அன்று தள்ளுபடி ஆனது. உத்தரவின் நகலைக் கையில் வாங்கிய பிறகுதான் அறையை விட்டு வெளியே வந்தேன்.

வெளியே வேப்ப மரத்தடியில் வேனுக்குக் காத்திருந்தோம். மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். ராயப்பன் மட்டும் நின்றார். “என்னய மன்னிச்சிருங்க” என்றேன்.

“ஒண்ணு கேக்கட்டா?” என்றார். “செட்டுல விஷயத்தச் சொன்னா அவிய கேட்டுருவாவன்னு சொன்னிய. கேட்டா என்ன? கேக்கட்டும். அதுக்காகவா மறச்சிய? இல்ல, ஓட்டுக்குன்னு சொன்னா நாங்க வர மாட்டோம்னு நெனச்சியளா?”

பொய் சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. பாதி அதுதான் காரணம். ஒரு வார மீன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு காகிதத்தில் இருக்கும் பேருக்காக இவர்கள் எங்கே வரப் போகிறார்கள் என்று என் மனசின் மூலையில் இருந்தது. ஆகவேதான் காரணத்தைச் சொல்லாமல் வரவழைத்தேன். அவர்களுடைய ஓட்டுக்காக இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியவள், அவர்களுக்கு அந்த ஓட்டின் மேல் அக்கறை இருக்கும் என்று நம்பவில்லை. பேரை எடுக்கச் சொன்ன ஆட்களும் அதையேதான் நினைத்தார்கள். அன்று நான் பட்ட வெட்கத்தை வேறு எந்த நாளும் பட்டதில்லை.

“ஆமா” என்றேன்.

ராயப்பன் தலையை ஆட்டினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. டீக்கடைப் பக்கம் போய்விட்டார். பிறகு ரொம்ப நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த பட்டியல் திருத்தத்தின்போது மறுபடி மனு வந்தது. கையெழுத்து வேறு, காரணம் அதே. இந்தத் தடவை மூன்று தெரு. விசாரணை அதே போல வாரத்தின் நடுவில். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன், புதிதாக வந்திருந்த அதிகாரி மறுத்துவிட்டார். சட்டப்படி என்ன பேச வேண்டுமோ எல்லாவற்றையும் தயார் செய்தேன். பிறகு ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு வயர்லெஸ் அறைக்குப் போனேன். செட்டுக்காரர் இருக்கும்போதே மைக்கை வாங்கினேன். ஊரே கேட்கட்டும் என்று சத்தமாகப் பேசினேன்.

“எல்லார் வீட்லயும் எல்லாரும் நல்லா இருக்காவ. அத முதல்ல கேட்டுக்கிடுங்க. பட்டியல்லேர்ந்து உங்க பேர எடுக்க மறுபடி மனு போட்டிருக்காவ. புதன்கிழமை விசாரணை. நீங்க வந்துதான் ஆகணும்னு இல்ல, நாங்க இங்கன பேசிக்கிடுவோம். ஆனா விஷயம் இதுதான். உங்ககிட்ட சொல்லிரணும்னு கூப்பிட்டேன்.”

செட்டில் இரைச்சல் மட்டும் கேட்டது. ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரு குரல் வந்தது. ராயப்பனின் குரல்.

“எத்தன மணிக்கு?”